சுகாதாரப் பணியாளர் ஃபெலோஷிப்: ஒரு வருஷம் இருந்து பார்த்தபின் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பெங்களூருக்குத் திரும்புகிற கூட்டத்தைப் பார்க்கலாம். கொத்தனார், சென்ட்ரிங் ஆள், பேக்கரியில் வேலை செய்கிற பையன்கள். கையில் கட்டைப்பை. அதில் ராகி மாவு, வீட்டில் போட்ட ஊறுகாய், சில சமயம் கருவாடு. அந்தக் கூட்டத்துக்கு நடுவில், ஒரு டீக்கடைப் பெஞ்சில், பிரஷர் மெஷினோடு ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷத்துக்குப் பணம் கொடுத்த ஃபெலோஷிப்பைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு சிறிய அறக்கட்டளை கிளினிக்கில் 16 வருஷமாக நர்ஸ். டாக்டர் வாரத்தில் நான்கு நாள் இருப்பார். மற்ற நாட்களில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, சர்க்கரை, பிரஷர் பார்ப்பது, கர்ப்பிணிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைப்பது எல்லாம் நானும் இன்னொரு சிஸ்டரும்தான். ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நர்ஸம்மா என்றால் நான்.

ஃபெலோஷிப்பின் பெயரை எழுதவில்லை. எனக்கு ஏற்பட்ட சங்கடங்களையும் சொல்லப் போகிறேன், அதனால். ஏற்பாடு இதுதான்: ஆரம்ப சுகாதாரத்தில் நேரடியாக வேலை செய்கிற நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், மருந்தாளுநர், டாக்டர் யாராக இருந்தாலும், தங்கள் இடத்தில் கண்ணில் படுகிற ஒரு குறையைத் தாங்களே எடுத்து ஒரு வருஷத்தில் சரி செய்ய முயல வேண்டும். திட்டச் செலவுக்கு 2,40,000 ரூபாய், மூன்று தவணையாக. நமக்கென்று மாதம் 8,000 ரூபாய். கூடவே ஒரு வழிகாட்டி, இரண்டு முறை நேரில் பயிற்சி, மாதம் ஒரு ஆன்லைன் கூட்டம். எங்கள் அணியில் 14 பேர், அதில் டாக்டர்கள் மூன்று பேர்தான். இது எனக்கு முதலிலேயே பிடித்துப்போனது. இந்த மாதிரித் திட்டங்களில் டாக்டர் தலைவராக இருப்பார், நர்ஸ் நோட்டு எழுதுவார். இங்கே திட்டத்துக்குத் தலைப்பு வைத்ததும் நான், பணத்துக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்.

நான் எடுத்த குறை இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். நிலக்கடலையும் ராகியும் எடுத்து முடித்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் போய்விடுவார்கள். மாத்திரை கொண்டு வருகிற பெண் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். கிளினிக்கிலும் அதே கதைதான். நாங்கள் மாத்திரை கொடுப்பது முப்பது நாளுக்கு. ஆள் ஊருக்கு வருவது நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. நடுவில் இருக்கிற பதினைந்து நாள் யாருடைய கணக்கிலும் இல்லை.

விண்ணப்பத்தில் நான்கே கேள்வி. அதில் ஒன்று, ‘இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று உங்கள் பதிவேட்டிலிருந்தே எண்ணிச் சொல்லுங்கள்’. அதற்காக மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். பிரஷருக்கு எங்களிடம் பெயர் எழுதியிருந்தவர்கள் 186 பேர். கடைசி மூன்று மாதமும் விடாமல் மாத்திரை வாங்கியவர்கள் 71 பேர். பதினாறு வருஷமாக அதே நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பியிருக்கிறேன். குறுக்கே கூட்டிப் பார்த்தது அன்றுதான். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஃபெலோஷிப் கிடைக்காமலே போயிருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு நான் நன்றி சொல்லியிருப்பேன்.

படிவம் முழுக்க ஆங்கிலம். தமிழில் எழுதி அனுப்பலாமா என்று போன் போட்டுக் கேட்டேன். தாராளமாக அனுப்புங்கள் என்றார்கள். அதைப் படிவத்திலேயே ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? அரூர் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு நர்ஸுகள் ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். இருவரும் என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவர்கள்.

நேர்காணல் வீடியோ அழைப்பில், அரை மணி நேரம். மூன்று பேர் இருந்தார்கள். ‘பஸ் ஸ்டாண்டுக்கு ஏன் போகணும், கிளினிக்குக்கு வரச் சொல்லலாமே?’ என்று ஒருவர் கேட்டார். நான் சொன்னேன்: ‘சார், அவங்களுக்கு ஊர்ல கிடைக்கிறது ஒன்றரை நாள். சந்தைக்குப் போகணும், குழுப் பணம் கட்டணும், குழந்தையோட உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும். அந்த வரிசையில கிளினிக் கடைசி. ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்தே ஆகணும்.’ அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் எப்படிச் செய்வீர்கள் என்றுதான்.

முதல் பயிற்சி நான்கு நாள். திட்டமிடு, செய், பார், திருத்து என்ற சுற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்பதற்கு எளிமையாக இருக்கும். ‘முதல் சுற்றை ஒரே ஒரு ஞாயிறு, பத்தே பேரை வைத்துச் செய்யுங்கள்’ என்று சொன்னதுதான் எனக்கு உதவியது. நான் முதல் மாதமே 186 பேரையும் பிடித்துவிட நினைத்திருந்தேன். பயிற்சியில் வரைபடம் போடுவதற்கு ஒன்றரை நாள் ஒதுக்கியது அதிகம். லேப்டாப் இல்லாதவர்கள் அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வழிகாட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற டாக்டர், வயது எழுபதுக்கு மேல். ஒவ்வொரு செவ்வாய் ராத்திரியும் போன் செய்வார். மூன்று ஞாயிறு முடிந்ததும் என் கணக்கைப் படித்துக் காட்டினேன். நாற்பது பேரைப் பார்த்திருந்தேன், பெரும்பாலானவர்களுக்கு 160க்கு மேல். எனக்குப் பதற்றம். அவர் அமைதியாகக் கேட்டார்: ‘வந்து எத்தனை நிமிஷம் உட்கார்ந்தாங்க? முதுகுக்குச் சாய்மானம் இருந்துச்சா? கை சுற்றளவு அளந்தியாம்மா?’

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. மூட்டை தூக்கி வந்தவரை நின்ற மேனிக்கு, பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில் பார்த்திருந்தேன். அடுத்த ஞாயிறு தையல்காரரிடம் டேப் வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் மெஷினோடு வந்த கைப்பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கானது. பத்து வருஷம் செங்கல் தூக்கிய கொத்தனாரின் கை 34, 35 இருக்கிறது. பட்டை சின்னதாக இருந்தால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும். இது படிக்கும்போதே சொல்லிக் கொடுத்ததுதான். அளந்து பார்க்கிற பழக்கம்தான் இல்லாமல் போயிருந்தது.

ஒருவரை மட்டும் சொல்கிறேன். நாற்பத்து மூன்று வயது, சென்ட்ரிங் வேலை. வந்தவுடன் பழைய பட்டையில் பார்த்தபோது 172/106. டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சுவரோரமாகப் பெஞ்சைத் திருப்பிப் போட்டோம். சாய்ந்து உட்காரச் சொன்னேன், கால் இரண்டும் தரையில், பேச்சு வேண்டாம், டீயும் பீடியும் அப்புறம். ஐந்து நிமிஷம் கழித்துப் பெரிய பட்டையில், கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்து எடுத்தபோது 146/92. மறுபடி ஒருமுறை எடுத்தேன், கிட்டத்தட்ட அதேதான். முதல் கணக்கை டாக்டருக்குச் சொல்லியிருந்தால் இன்னொரு மாத்திரை கூட்டியிருப்பார். பிரஷர் தேவைக்கு மேல் இறங்கினால் தலை சுற்றும். நாலாவது மாடிச் சாரத்தில் நிற்கிற ஆளுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும்? அன்று ராத்திரி வழிகாட்டிக்கு நானே போன் போட்டு அழுதுவிட்டேன். ‘இதைக் கண்டுபிடிக்கத்தாம்மா இந்த ஒரு வருஷம்’ என்றார்.

பெரிய பட்டை வாங்க என் திட்டச் செலவில் தலைப்பு இல்லை. கேட்டேன், மறுநாளே வாட்ஸாப்பில் அனுமதி வந்தது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பத்து சதவீதம் வரை கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். களத்தில் நிற்கிறவர்களுக்கு இந்த நம்பிக்கை ரொம்ப முக்கியம்.

உதவிக்கு ஆள் வைப்பதில்தான் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. பட்டதாரி ஒருவரை எடுக்கச் சொன்னார்கள். நான் உள்ளூரில் பிளஸ் டூ முடித்த பெண்ணைக் கேட்டேன். எங்கள் மாவட்டத்திலேயே சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993இல் ஓலைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கி, மலைக் கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து வளர்த்தார்கள். அதைச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் வேலை வியாழக்கிழமை சாயங்காலம் போன் போடுவது. ‘அண்ணா, இந்த ஞாயிறு ஊருக்கு வர்றீங்களா? மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு?’ அவ்வளவுதான். நான் கேட்டால் ‘இருக்கு நர்ஸம்மா’ என்று சொல்லிவிடுவார்கள், திட்டுவேன் என்ற பயம். அவளிடம் உண்மையைச் சொன்னார்கள். கால் வீங்குகிறது என்று அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை நிறுத்திய ஏழு பேரை அவள்தான் கண்டுபிடித்தாள். டாக்டர் அவர்களுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

பிரஷர் நிலையாக இருப்பவர்களுக்கு டாக்டர் அறுபது நாள் மாத்திரை எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். அதோடு ஒரு அட்டை அடித்தோம். போன் கவருக்குள் சொருகுகிற அளவு. மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகப் பார்த்த பிரஷர் எல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். கன்னடம் எழுதித் தந்தது பெங்களூரில் வளர்ந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மருமகள். மாத்திரை தீர்ந்தால் அந்த அட்டையைக் காட்டி, பெங்களூரில் ‘நம்ம கிளினிக்’ என்ற பெயரில் இருக்கிற அரசு கிளினிக்கில் இலவசமாக வாங்கிக்கொள்ளச் சொன்னோம். சிலர் வாங்கியும் இருக்கிறார்கள்.

இனி குறைகள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் தர மாட்டார்கள். டீக்கடைக்காரருக்கு இடத்துக்காக வாரம் 150 ரூபாய் கொடுத்தேன். ஆட்டோவுக்குத் தனி. அவர்கள் எங்கே போய் பில் புத்தகம் அடிப்பார்கள்? நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன், கணக்குப் பிரிவில் ஏற்கவில்லை. அந்தப் பணம் என் கையிலிருந்து போனது. நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து எழுதிக் கேட்ட பிறகு, அடுத்த அணிக்கு 300 ரூபாய் வரை கையெழுத்துச் சீட்டு போதும் என்று மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது நல்லது. எங்கள் கையிலிருந்து போனதைத் திருப்பிக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது தவணை பதினொரு வாரம் தாமதம். என் அறிக்கை வந்த படிவம் பழையது, புதியதில் அனுப்புங்கள் என்று இரண்டு முறை திருப்பினார்கள். அதற்குள் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது. போன் போடுகிற பெண்ணுக்குச் சம்பளம் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அவள் அப்பா பெங்களூரில் கூலி, அம்மா இல்லை. மகளிர் குழுவில் என் பெயரில் 15,000 ரூபாய் கடன் எடுத்துக் கொடுத்தேன். வட்டியும் நான்தான் கட்டினேன். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒரு நர்ஸின் தலையில் இந்தப் பாரம் விழக்கூடாது. முதல் தவணையிலேயே இரண்டு மாதச் சம்பளத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நீங்கள் சேர்ந்தால் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

எங்கள் அணியில் வேறு மாவட்டத்துக் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருந்தார். அரசு வேலை என்பதால் மேலிடத்து அனுமதிக் கடிதம் வேண்டும். அது கைக்கு வர நான்கு மாதம். ஆனால் ஃபெலோஷிப் கணக்குப்படி அவருடைய வருஷம் முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்தில் அவர் முடித்த வேலையைப் பார்த்துப் பிரமித்தேன். அவருக்குக் காலத்தை நீட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அரசுப் பணியில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே அனுமதிக்கு எழுதிவிடுவது நல்லது.

வருஷ முடிவில் எண்ணியபோது, முதலில் இருந்த 186 பேரில் 124 பேர் கடைசி மூன்று மாதமும் விடாமல் மாத்திரை எடுத்திருந்தார்கள். பிரஷர் கட்டுக்குள், அதாவது 140/90க்குக் கீழே, இருந்தவர்கள் 97 பேர். ஒன்பது பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டு பேருக்குப் பக்கவாதம் வந்தது. அதில் ஒருவர் ஒழுங்காக மாத்திரை எடுத்தவர். பக்கவாதத்தைக் குறைத்தோமா என்றால், இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒரு வருஷத்தில் அதைச் சொல்ல முடியாது. அப்படி எழுதும்படி அவர்களும் என்னை வற்புறுத்தவில்லை. கடைசி அறிக்கையில் ‘எது நடக்கவில்லை’ என்று ஒரு முழுப் பக்கம் கட்டாயம் எழுத வேண்டும். மற்ற திட்டங்களில் இப்படி ஒரு பக்கம் நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியது பெண்களைப் பற்றி. எட்டாவது மாதம் பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பஸ் ஸ்டாண்டில் நான் பார்த்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. ஏன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்கள் ஞாயிறு சாயங்காலம் கிளம்புவதில்லை. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் ராத்திரிச் சோறு ஆக்கி வைத்து, விடிகாலை நாலு மணிக்கு ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிற வேனில் போகிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்று நேர்காணலில் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, அது ஆண்களின் கணக்கு. கடைசி மூன்று மாதம் ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மேல் இரண்டு ஊர்களில் மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்தேன். 38 பெண்கள் வந்தார்கள். அதில் பதினொரு பேருக்குத் தங்களுக்குப் பிரஷர் இருப்பதே தெரியாது. அவர்களை டாக்டரிடம் காட்டி மாத்திரை ஆரம்பிப்பதற்குள் வருஷம் முடிந்துவிட்டது. இன்னும் ஆறு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். விதியில் இடம் இல்லை என்றார்கள். ஃபெலோஷிப்பின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். குறை எங்கே இருக்கிறது என்று சரியாகப் புரிகிற நேரத்தில் பணம் நின்றுவிடுகிறது.

விண்ணப்பிக்கலாமா என்று கேட்டால், கட்டாயம் விண்ணப்பியுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் டாக்டர் அல்லது நிர்வாகம் ஞாயிறு வேலைக்கு வார நாளில் ஒரு விடுப்பு தருமா என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எனக்குத் தந்தார்கள். எங்கள் அணியில் அந்த விடுப்பு கிடைக்காத இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். அப்புறம், பெரிய தலைப்பாக யோசிக்க வேண்டாம். உங்கள் நோட்டை எடுத்து ஒருமுறை குறுக்கே கூட்டிப் பாருங்கள், தலைப்பு அதிலேயே இருக்கும்.

பணம் நின்று நான்கு மாதம் ஆகிறது. பெட்ரோலைக் கிளினிக் ஏற்றுக்கொண்டது. ஸ்ட்ரிப்புக்கு இன்னும் வழி தெரியவில்லை. டீக்கடைக்காரர் இடத்துக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பெஞ்சு சுவரோரமாகத்தான் கிடக்கிறது. போன் போட்ட பெண் தர்மபுரியில் நர்ஸிங் சேர்ந்திருக்கிறாள், வியாழக்கிழமை மட்டும் விடுதியிலிருந்தே பத்துப் பேருக்குப் பேசுகிறாள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போக எல்லாரும் ஊருக்கு வருவார்கள். அதற்கு முன்னால் அந்த 38 பெண்களுக்கும் நான் போன் போட்டு முடிக்க வேண்டும்.